கிரைண்டர் என்று எழுதியவள்

துடியலூரை ஒட்டி இருக்கும் ஒரு பம்ப்செட் மோட்டார் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் பிரவீனா. வயது நாற்பத்தொன்று. மோட்டாரை ஓடவிட்டுப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும், பேரிங் சரியாக உட்காரவில்லை என்பதை மீட்டர் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். "மேடம் காதுக்குத் தப்பாதுங்க" என்று மோட்டார் பூட்டுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் மரியாதை பாதி, எரிச்சல் பாதி.

அந்தக் காது தொழிற்சாலையில் வந்ததல்ல. அவள் ஏழு வருடம் ட்ரம்ஸ் வாசித்தவள்.

கருமத்தம்பட்டியில் அவளுடைய அப்பா அப்புசாமிக்கு இருபத்து நான்கு விசைத்தறி. பிரவீனா கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம், அதே வகுப்பில் இரண்டு பேர் அவளுக்கு நண்பர்களானார்கள். ஆஸிம் கோட்டைமேட்டுக்காரன், குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை, பாடுவான், பாட்டும் எழுதுவான். தனபால் கிட்டார் வாசிப்பான், வாயைத் திறந்து பேசுவது குறைவு. மூவருக்கும் ராக் பாட்டுப் பைத்தியம். அதுவும் தமிழில், சினிமாவுக்கு வெளியே, தாங்களே எழுதி, தாங்களே வாசிக்க வேண்டும் என்ற பைத்தியம்.

வாசித்துப் பார்க்க இடம் கிடைக்கவில்லை. தனபால் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போவேன் என்றார். கோட்டைமேட்டுச் சந்தில் கதவைத் தட்டினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். கடைசியில் அப்புசாமிதான் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம தறி நிக்குது. குடோன் சும்மாதான கெடக்குது? வந்து அடிங்க. இந்தத் தெருவுக்கு எந்தச் சத்தமும் புதுசில்லீங்க தம்பி, ஆறு நாளும் தறியில தூங்கிப் பழகுனவுங்க."

ட்ரம்ஸ் செட்டையும் அவரே வாங்கிக் கொடுத்தார். திருப்பூரில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் பழைய செட் அது. கால் பெடல் கீச்சென்று கத்தும். தறிக்கு விடும் எண்ணெயை விட்டுச் சரி செய்தாள்.

அப்போது கோவையில் நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போகும். பாட்டு பாதியில் நிற்கும். கிட்டார் ஊமையாகிவிடும், மைக் செத்துவிடும். பிரவீனாவின் அடி மட்டும் நிற்காது. இருட்டுக் குடோனில் அவள் தொடர்ந்து அடித்துக்கொண்டிருப்பாள். கரண்ட் வந்ததும் மற்ற இருவரும் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அப்படித்தான் அந்தக் குழுவுக்கு 'மின்தடை' என்று பெயர் வந்தது. வைத்தவன் ஆஸிம். ஆனால் அந்தப் பெயர் தன்னைப் பற்றியது என்றுதான் பிரவீனா நினைத்துக்கொண்டிருந்தாள்.

2009-இல் பெங்களூரில் ஒரு ஒலிப்பதிவு நிறுவனம் பத்து நாள் வந்து பதிவு செய்யச் சொன்னது. அதே மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. "கண்ணு, கல்யாணம் முடியட்டும், மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போலாம்" என்றார் அப்பா. மூன்று மாதம் பொறுங்கள் என்று ஆஸிமிடமும் தனபாலிடமும் கேட்டாள். சரி என்றார்கள். இரண்டே வாரத்தில் பெங்களூர்ப் பையன் ஒருவனை ட்ரம்ஸுக்கு வைத்துக்கொண்டு பதிவுக்குப் போய்விட்டார்கள். அந்த விஷயம் அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் வேறு ஒருவர் சொல்லித் தெரிந்தது.

அந்தப் பதிவு வெளியே வரவே இல்லை. நிறுவனம் மூடிவிட்டது. ஆஸிம் கடைக்குப் போய் உட்கார்ந்தான். தனபால் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஆனான். கணவன் கிருபாசங்கர் நல்ல மனிதன். "வாசிக்கோணும்னா வாசி, யாரு வேண்டாங்கறா?" என்று இரண்டு மூன்று முறை அவனே கேட்டான். அவள்தான் உட்காரவில்லை. முதலில் குழந்தை, பிறகு வேலை, பிறகு முதுகு வலி என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா மேல் முடியாது, கணவன் மேல் நியாயமில்லை, தன் மேல் மனம் வரவில்லை. நண்பர்கள் பொறுக்காமல் போன அந்த இரண்டு வாரம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருடம் அதை விடவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில், கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஆஸிம் ஒரு செய்தி போட்டான். மின்தடை திரும்ப வருகிறது, எட்டுப் பாட்டுகள், சென்னையில் ஒரு கம்பெனி வெளியிடுகிறது. எல்லாரும் கைதட்டல் படம் போட்டார்கள். பிரவீனாவும் ஒன்று போட்டாள். அவளுக்குத் தனியாக ஒரு வார்த்தை எழுதுவான் என்று நான்கு நாள் பார்த்தாள். எழுதவில்லை.

ஜூனில் முதல் பாட்டு தனியாக வந்தது. தொழிற்சாலை கேன்டீனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். இரண்டரை நிமிடப் பாட்டு. ஆஸிமின் குரலை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார்கள். கிட்டார் எங்கோ பின்னால் முனகியது. ட்ரம்ஸ் மிஷினில் செய்தது போல இருந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் வித்தியாசமே இல்லை. பாட்டு முடிந்தபோது அவளுக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவள் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண், "என்ன மேடம், ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது பாட்டு வந்தது. முதல் பாட்டாவது பரவாயில்லை என்று நினைக்க வைத்தது அது. பிரவீனாவிடம் மகன் பள்ளிக்கூட வீடியோ போடுவதற்காக எப்போதோ ஆரம்பித்த ஒரு யூடியூப் கணக்கு இருந்தது. அதன் பெயரைக் 'கோயமுத்தூர்க் காது' என்று மாற்றினாள். பாட்டுக்குக் கீழே எழுதினாள்:

"மின்தடைன்னு பேரு பொருத்தமாத்தான் இருக்குது. கரண்ட்டே இல்ல. ட்ரம்ஸ் வாசிச்சது ஆளா, கிரைண்டரா?"

எழுதிவிட்டு டெஸ்டிங் பிரிவுக்குத் திரும்பிப் போனாள். சாயங்காலம் பார்த்தபோது அறுபது பேருக்குப் பிடித்திருந்தது. மறுநாள் எண்ணூறு. ஊரில் எல்லார் வீட்டிலும் கிரைண்டர் இருக்கிறது. அதில் பாதி இந்த ஊரிலேயே செய்தது. வேடிக்கை உடனே பற்றிக்கொண்டது. யாரோ ஒரு பையன் அந்தப் பாட்டுக்கு மாவாட்டும் வீடியோவைச் சேர்த்து வெட்டிப் போட்டான். அதை லட்சம் பேர் பார்த்தார்கள். பாட்டைக் கேட்டவர்கள் சில ஆயிரம்தான். பத்து நாளில் குழுவின் பெயரே 'கிரைண்டர் பேண்ட்' ஆகிவிட்டது.

அந்த நாட்களில் பிரவீனா நன்றாகத் தூங்கினாள். இதைப் பிறகு அவளே சொல்லிக்கொண்டாள், மறைக்கவில்லை. நான் இல்லாமல் அவர்களால் முடியவில்லை என்பதை ஊரே சொல்கிற மாதிரி இருந்தது.

ஆகஸ்டில் எட்டுப் பாட்டும் ஒன்றாக வந்தன. அவள் கேட்கவில்லை. இரண்டு மோட்டாரில் குறை கண்டால் அந்தத் தொகுதியையே நிறுத்தி வைப்பதுதான் அவள் வேலையின் வழக்கம். ஒரு வாரம் கழித்து ஆஸிம் போன் செய்தான்.

"பிரவீனா, நாந்தான். எப்படி இருக்க? ஒண்ணு கேக்கோணும். ஆல்பம் கேட்டியா?"

"ரெண்டு பாட்டு கேட்டேன், முன்னாடி வந்தது."

"அத மறந்துரு. கம்பெனிக்காரன் ரீலுக்கு வேணும்னு வெட்டிப்போட்டான். ட்ரம்ஸ எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு அடி அடியா நிமித்தி வெச்சுட்டான். நாங்க கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. ஆல்பத்துல அதே ரெண்டு பாட்டும் முழுசா இருக்குது, நாங்க வாசிச்ச மாதிரியே. ஆனா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். எவனோ கிரைண்டர்னு ஒரு வார்த்த எழுதிப்போட்டான். லிங்க் அனுப்புனா சிரிச்சுட்டு மாவு படம் அனுப்பறானுக." அவன் சிரிக்க முயன்றான். "நீ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஒருக்கா கேளு. உன்ற காதுல பட்டா எனக்குப் போதும்."

கேட்கிறேன் என்றாள். போனை வைத்ததும் அவள் மனதில் தங்கியது வேறு ஒன்று. நிமிர்த்தி வைத்தான் என்றானே. அப்படியானால் வாசித்தது ஒரு ஆள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கக் கருமத்தம்பட்டிக்குக் காரில் தனியாகக் கிளம்பினாள். ஆல்பத்தின் விவரத்தில் பெயர்கள் இருந்தன. குரல், ஆஸிம். கிட்டார், தனபால். ட்ரம்ஸ், வர்ஷினி. ஒரு பெண். குறை கண்டுபிடித்தே தீர வேண்டும் என்றுதான் முதல் பாட்டைப் போட்டாள்.

சரவணம்பட்டி தாண்டுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் தனியாக வந்த பாட்டு இங்கே மூன்றாவதாக இருந்தது. முந்தைய இரண்டு பாட்டும் ஏற்றி வைத்த இடத்தில் அது வந்து விழுந்தது. ஆறு நிமிடம். ஆஸிமின் குரல் நாற்பது வயதுக் குரலாக, கரகரப்போடு, மேலே போகும்போது உடைந்தும் உடையாமலும் இருந்தது. அடியில் அந்தப் பெண். அவசரப்படாமல், மற்றவர்களுக்கு இடம் விட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கையை ஓங்கினாள். கேன்டீனில் தான் கேட்டுச் சிரித்தது இந்தப் பாட்டையா என்று பிரவீனா இரண்டு முறை பெயரைப் பார்த்தாள்.

ஏழாவது பாட்டு தொடங்கியதும் காரை ஓரமாக நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு. தறிக் குடோனில் மூவரும் சேர்ந்து செய்தது. ஏழு எண்ணிக்கையில் ஓடும் தாளம். அதை உண்டாக்கியது பிரவீனா. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் அது எப்போதும் தடுக்கும். நான்கு வருடம் அந்த இடத்தில் எதையெதையோ சேர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தனபால் நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். இப்போது அந்த இடம் வந்தது. அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அங்கே எதையும் சேர்க்கவில்லை. ஏழாவது அடியை அடிக்காமல் விட்டாள். ஒரு கணம் ஒன்றுமில்லை; பாட்டே நின்றுபோனது போல. பிறகு மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள்.

சரியாக இருந்தது. அவ்வளவுதான். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை.

சாலையோரத்தில் அவள் அழுதாள். பாட்டு நன்றாக இருக்கிறது என்றோ, தன் தாளத்தை அவர்கள் மறக்கவில்லை என்றோ அழவில்லை. நான் இருந்திருந்தால் இது இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று தெரிந்தது. நான் இல்லாமல் முடியாது என்று பதினாறு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த ஒன்றே ஒன்றை அந்தப் பெண் எடுத்துக்கொண்டுவிட்டாள். எடுத்தது அவளுக்கே தெரியாது.

அப்பா வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகும் முன், யூடியூப்பைத் திறந்து தான் எழுதியதை அழித்தாள். அழிப்பதற்கு ஒரு நொடி ஆனது. ஆனால் அதைப் படம் எடுத்து வைத்திருந்தவர்கள், மாவாட்டும் வீடியோ, கிரைண்டர் பேண்ட் என்ற பெயர் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த வாரம் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு, ஆல்பத்தைப் பற்றி நீளமாக எழுதினாள். இரண்டு பாட்டை வைத்து முடிவு செய்தது தவறு, முதலிலிருந்து கேளுங்கள், ட்ரம்ஸ் வாசித்திருக்கும் பெண்ணைக் கவனியுங்கள் என்று ஒவ்வொரு பாட்டாகச் சொன்னாள். மொத்தம் பதினோரு பேருக்குப் பிடித்திருந்தது. அதில் ஒருவன் கீழே, "அட, கிரைண்டரா?" என்று கேட்டிருந்தான்.

செப்டம்பரில் பீளமேட்டில் ஒரு சின்ன அரங்கில் நிகழ்ச்சி வைத்தார்கள். பிரவீனா போனாள். முந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள்; நாற்பது பேர் வந்திருந்தார்கள். மேடையில் ஆஸிமும் தனபாலும் மட்டும் நின்றார்கள். ட்ரம்ஸ் செட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய மேஜை, மேலே ஒரு லேப்டாப். முதல் பாட்டு தொடங்கியதும் அடி லேப்டாப்பிலிருந்து வந்தது. பின் வரிசையில் யாரோ வாயாலேயே கிரைண்டர் சத்தம் போட, நான்கு பேர் சிரித்தார்கள். ஏழாவது பாட்டை அவர்கள் பாடவே இல்லை.

முடிந்ததும் அவள் மேடைக்குப் பின்னால் போனாள். ஆஸிம் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா! கேட்டியா?"

"கேட்டேன். நல்லா இருக்குது ஆஸிம். நம்ம செஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்ல இதுக்கு முன்னாடி." சொல்வதற்கு அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் உண்மை. "அந்தப் புள்ள எங்க?"

"அது உட்டுப்போட்டுப் போயிருச்சு. அந்த ரெண்டாவது பாட்டு வந்தப்பவே. கிரைண்டர் கிரைண்டர்னு தெருவுல, பஸ்ஸுல, எல்லா எடத்துலயும். ஒரு மாசம் குச்சியத் தொடல. அப்புறம் செட்டுக்குப் பக்கத்துலயே வர்ல. வேற ஆளு தேடறக்கு நேரமில்ல, அதான் லேப்டாப்பு." அவன் வயரைக் கீழே வைத்தான். "எழுதுனவன் அப்புறம் அழிச்சுட்டு ஓடிட்டான். யாருன்னே தெரியல."

"நாந்தான்" என்றாள் பிரவீனா.

அவனுக்குப் புரியவில்லை.

"அந்தக் கோயமுத்தூர்க் காது நாந்தான். நாந்தான் எழுதுனேன்."

தனபால் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆஸிம் கீழே வைத்த வயரை எடுத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அந்த இரண்டு வாரத்தைப் பற்றி அவளும் கத்தியிருப்பாள். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் பதினாறு வருடமாகத் தயாராக இருந்தன.

"சரிங்க பிரவீனா" என்றான் அவன். "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

பதினெட்டு வயதிலிருந்து அவளை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்டவன் அவன். இந்த ஊரில் தெரியாதவருக்கும் கடைக்கு வருபவருக்கும் எல்லாரும் கொடுக்கும் மரியாதைதான் அது. அதை அவளுக்கும் கொடுத்துவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

வர்ஷினியின் ஊர் கிணத்துக்கடவு என்று நிகழ்ச்சிக்கு வந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்த சனிக்கிழமை காலையில் அங்கே போனாள். ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு, முன்னால் புது வீடு, களத்தில் தேங்காய் குவித்திருந்தது. வர்ஷினிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஒல்லியான பெண், மணிக்கட்டு மட்டும் உருண்டு திரண்டு இருந்தது. ட்ரம்ஸ் வாசிப்பவர்களின் மணிக்கட்டு.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவளுடைய அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். பிரவீனா சுற்றி வளைக்கவில்லை. தான் யார், குழுவில் என்ன வாசித்தாள், என்ன எழுதினாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

வர்ஷினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களாக்கா?" என்றாள் கடைசியில். "ட்ரம்ஸ் தெரியாதவங்க யாரோ எழுதுனதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. அப்படி நெனச்சாத்தான் கொஞ்சம் தாங்கிக்க முடிஞ்சுது."

"என்னை மன்னிச்சுரு கண்ணு."

"எங்கப்பா தேங்கா மண்டிக்குப் போனா, என்ற பொண்ணு பாட்டுல வாசிச்சுருக்குதுன்னு எல்லாத்துக்கும் போன்ல போட்டுக் காமிப்பாருங்க. அதுக்கு முன்னாடி அவருக்கு இதெல்லாம் புடிக்கவே புடிக்காது. அந்த ரெண்டாவது பாட்டையும் காமிச்சுருக்காரு. மண்டியில ஒருத்தரு, 'ஏனுங்க, உங்க பொண்ணு கிரைண்டர்ல வேலை செய்யுதாமா'ன்னு கேட்டுப்போட்டாரு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்தவரு சாப்படலீங்க. என்னைத் திட்டவும் இல்ல. இனி வேண்டாம்னு மட்டும் சொன்னாரு."

காப்பியில் ஆடை படிந்தது. பிறகு, வேறு எதுவும் தோன்றாமல், பிரவீனா கேட்டாள்.

"அந்த ஏழாவது பாட்டு. பல்லவிக்குத் திரும்பற எடம். எப்படி அப்படி உடலாம்னு தோணுச்சு?"

வர்ஷினி முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"ஒரு மாசம் சேத்துச் சேத்துப் பாத்தனுங்க. சிம்பல் வெச்சேன், ரோல் வெச்சேன். எதுவும் நிக்கல. அப்புறம் ஒருநாள் எடுத்துப் பாத்தேன்."

"நான் நாலு வருசம் சேத்துட்டே இருந்தேன்."

"தெரியுமுங்க. ஆஸிம் அண்ணா குடுத்த பழைய கேசட்ல கேட்டேன். அந்த ஆறாவது அடி நீங்க கொஞ்சம் தள்ளி வைப்பீங்க. அது எனக்கு ரொம்பப் புடிக்கும். அத வெச்சுத்தான் ஏழாவது வேண்டாம்னே தோணுச்சு." அவள் நாற்காலியின் கைப்பிடியில் விரல்களால் அடித்துக் காட்டினாள். "இப்படி."

பிரவீனா தன் நாற்காலியில் அதையே அடித்தாள். தவறாக வந்தது. வர்ஷினி தலையை ஆட்டித் திரும்ப அடித்துக் காட்டினாள். மூன்றாவது முறை இருவரும் சேர்ந்து அடித்தார்கள். ஏழாவது இடத்தில் இருவர் விரலும் ஒன்றாக நின்றன. அந்தப் பெண் சிரித்தே விட்டாள்.

அப்போது தோப்புப் பக்கமிருந்து அவளுடைய அப்பா வந்தார். விரல்கள் நின்றன.

"யாரு கண்ணு இவங்க?"

வர்ஷினி எழுந்துகொண்டாள். "கோயமுத்தூர்ல இருந்து வந்துருக்காங்கப்பா. பம்ப்பு கம்பெனியில இருக்காங்க. வேலை விசயமா."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிரவீனாவுக்குத் தெரியவில்லை. தன்னைக் காப்பாற்றவா, அப்பாவைக் காப்பாற்றவா? ஆனால் அது பிரவீனாவுக்கு வசதியாக இருந்தது. அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?" என்றார். எழுதியது நான்தான் என்று அந்தப் பெண்ணின் வீட்டாரிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் துடியலூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தாள். உங்கள் பெண் வாசித்திருப்பது போல இந்த ஊரில் வாசிக்க ஆள் கிடையாது, அது எனக்குத் தெரியும், எங்கே வேண்டுமானாலும் வந்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று காரில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வேண்டாமுங்க, இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்றாள்.

"புள்ளைக்கு ஓசூர்ல வேலை சொல்லியிருக்குது. உங்க பக்கம் ஏதாவது இருந்தா இன்னும் நல்லா இருக்கும், பக்கமா இருக்கும் பாருங்க. ஏதோ மேளம் தட்டறேன்னு ரெண்டு வருசத்த ஓட்டிப்போட்டுது. இப்ப புத்தி வந்துருச்சுங்க."

வர்ஷினி காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. பிரவீனா, "பாக்கறனுங்க, சொல்லி அனுப்பறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். அவர் கார் வரைக்கும் வந்து வழியனுப்பினார். ஒரு சாக்கில் பத்துத் தேங்காய் கட்டிப் பின் சீட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அக்டோபரில் வர்ஷினி ஓசூருக்குப் போனாள். சென்னைக் கம்பெனி அடுத்த ஆல்பத்தை வேண்டாம் என்றுவிட்டது. ஆஸிம் கடையிலேயே இருக்கிறான். பிரவீனா மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் எடுத்து, மரியாதையாகப் பேசி, வாடிக்கையாளர் நிற்கிறார் என்று வைத்துவிட்டான்.

ஆல்பத்தை அவள் இப்போதும் கேட்கிறாள். தினமும் இல்லை. கேட்டால் முதலிலிருந்து கடைசி வரை. ஒருநாள் கிருபாசங்கரும் காரில் இருந்தான். கவுண்டம்பாளையத்தில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தன. ஏழாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பொதுவாகப் பாட்டுக் கேட்பவன் இல்லை. அன்று விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குதே. ட்ரம்ஸ் யாரு?"

"கிணத்துக்கடவுப் புள்ள ஒண்ணு."

"எங்க வாசிக்குது?"

"இப்ப வாசிக்கறதில்லீங்க."

"ஏன்?"

அவள் சொன்னாள். கேன்டீனிலிருந்து தேங்காய்ச் சாக்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்து, பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்து, அவள் காரைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போனாள்.

"என்கிட்டச் சொன்னத அவங்கப்பன்கிட்டச் சொல்லியிருக்கோணும்" என்றான் கிருபாசங்கர்.

"ஆமாங்க" என்றாள் பிரவீனா.